துணி எண்ணப் போகும் இடம்

அந்த வார்டில் நர்சுகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தால், "துணி எண்ணிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். விரிப்புகள் அடுக்கிய சின்ன அறை. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவார்கள். அதுவரை அழப் போனவளுடைய நோயாளிகளை இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

நிர்வாகத்துக்கு அது பொறுக்குமா? நர்சுகளின் மன அழுத்தத்தைப் போக்கியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டு, வேறு இடமே இல்லாதது போல அந்த அறையைப் பிடித்து 'மன அமைதி அறை' ஆக்கிவிட்டது. கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் செடி, சுவரில் பல்லிளிக்கும் சூரியன். இனி ஊரே வேடிக்கை பார்க்க அமைதியாக இருக்கலாம்!

திறப்பு விழாவன்று காலையில்தான் ஏழாம் கட்டில் பெரியவர் போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதமாக அவருக்கு ஊட்டிவிட்டவள் இரும்பு. யார் முன்னாலும் கண் கலங்காததால் அவளுக்கு வாய்த்த பட்டப்பெயர் அது. பாவி மனுஷன், கடைசி மூச்சிலும் அவள் கையைத்தான் பிடித்திருந்தார். அவளுக்கு அழுவதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குள் மேடைக்கு இழுத்துப் போய்விட்டார்கள். மேட்ரன் அவள் கையில் 'சிறந்த நர்ஸ்' கேடயத்தைத் திணித்துவிட்டு மைக்கில் முழங்கினார்.

"இவங்களப் பாத்துக் கத்துக்கங்க! காலையிலதான் ஒரு சாவு. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி உண்டா?"

கைதட்டல். இரும்பு பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவழியாக விட்டதும், கூட வேலை செய்யும் வாயாடி வந்து காதைக் கடித்தாள்.

"அக்கா, பின்பக்கம் சலவை வண்டி நிக்குது. போய்த் துணி எண்ணிட்டு வாங்க. உங்க கட்டிலெல்லாம் நான் பாத்துக்கறேன்."

கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். வண்டிக் கதவைத் திறந்தால், அழுக்குத் துணி மூட்டைமேல் மேட்ரன்! மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"ரவுண்ட்ஸ் போறப்பல்லாம் என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவாரும்மா அந்த ஏழாம் கட்டில். இனிமே யாரு திட்டுவா?"

இரும்பு வாசலிலேயே நின்றாள்.

மேட்ரன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "ஏறி வந்து கதவச் சாத்து. அந்த மூட்டைய இன்னும் யாரும் எண்ணல. நீ எண்ணு."