நோஜி வந்த நாட்கள்

பள்ளிக்கூடத்தில் காலை மணி அடிக்கும்போது ஹஞ்சா வாசல் பக்கம் திரும்பமாட்டாள். மக்காச்சோள ரொட்டி தீய்ந்தாலும் சரி, கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாலும் சரி, மணிச் சத்தம் எதிர் மலையில் பட்டு அடங்குகிறவரை சுவரைப் பார்த்தபடியே இருப்பாள். அந்த நேரத்துக்கு வாசலில் நோஜி வந்து நிற்பாள். பார்த்தால்தான் தெரியும் என்றில்லை. எண்ணெய் வைத்துப் பின்னிய தலைமுடியின் வாசம் வரும். பை மாட்டும் ஆணி லேசாக முனகும். அப்புறம் ஒன்றுமிருக்காது, வெயில்தான் இருக்கும்.

நோஜி அவளுடைய மூத்த மகள். இறந்து மூன்று மழைக்காலம் போய்விட்டது. நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல் கண்டு, ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிற வழியில், நெடுஞ்சாலை வந்து சேர்வதற்குள் தாயின் மடியிலேயே அடங்கிவிட்டாள். ஜீப்பை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாததால் ஆஸ்பத்திரிக் காகிதம் இல்லை. பஞ்சாயத்தில் சொல்லி எழுதிவைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறந்ததையே சர்க்காரிடம் சொல்லாத ஊர், இறந்ததையா போய்ச் சொல்லப்போகிறது?

கல்யாணமாகாமல் இறந்த பிள்ளைகளை அந்த மலைக்காட்டில் சும்மா விட்டுவிட மாட்டார்கள். விடிய விடியப் பெண்கள் கூடிப் பாடி, கூப்பிட்டு, ஒரு கல்லில் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்துவிட்டால் பிள்ளை வீட்டுத் தெய்வமாகிவிடும். வெள்ளித் தகட்டில் அதன் உருவத்தை அடித்துத் தாய் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். நோஜிக்கும் இரண்டு தடவை பாடினார்கள். அவள் உட்காரவில்லை. தட்டானிடம் செய்து வாங்கிய தகடு மூன்று வருஷமாகத் தானியப் பானைக்குள் கிடந்தது.

இரண்டாவது தடவை கோயில் சாமியாடி போபா அருள் வந்து, தலையைச் சிலுப்பிக்கொண்டு சொன்ன வார்த்தை ஹஞ்சாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. "யாரோ தெனம் இவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. கூப்பிட்டா பிள்ளை எந்திரிச்சு வராம என்ன பண்ணும்?"

ஹஞ்சா அந்தப் பேரை வாயில் எடுப்பதையே விட்டாள். புருஷன் சூரத்தில் துணி மில்லில் இருந்தான். அவனுக்கும் போனில் சொல்லித் தடுத்தாள். அக்கம்பக்கத்தில் யாராவது ஜாடையாகப் பேச்சை எடுத்தாலும் சண்டைக்குப் போனாள். யார் கூப்பிடுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. உள்ளூர் வாய்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனாள்.

இளையவள் பேர் தாபு. போதும் என்று அர்த்தம். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததும் மாமனார் வைத்த பேர். போதும் என்று பேர் வைத்தாலும் அவளுக்கு எதுவும் போதாது, கேள்வி கேட்டு மாளாது. அப்படிப்பட்டவள் கையில் போய் தகவல் அறியும் சட்டத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஆடுகிற காலில் சலங்கையைக் கட்டிவிட்ட கதைதான்.

கட்டிவிட்டவள் ஹேம்லதா. சங்கத்துக்காரி. சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வந்து, ஒரே கூடத்தில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில், சர்க்காரைக் கேள்வி கேட்பது எப்படி என்று பாடம் எடுத்தாள். கெஞ்ச வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், சிறுசு பெருசு என்று பார்க்க வேண்டாம். கேட்டால் ஒரு மாதத்துக்குள் பதில் வந்தாக வேண்டும் என்றாள். முதல் கேள்வி ஆபத்தில்லாததாக இருக்கட்டும் என்று அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். எங்கள் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் யார் யார், போன மாதம் எத்தனை நாள் வந்தார்கள்? பதில் தெரிந்த கேள்விதானே, யாருக்கும் வலிக்காது என்று நினைத்தாள், பாவம். தாபு தன் பேரில் கையெழுத்துப் போட்டாள். வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்த குமாஸ்தாவுக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளில் யார் செத்தார்கள், யார் இருக்கிறார்கள் என்று என்ன தெரியும்? பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்ததைப் பார்த்து அப்படியே எழுதி, முத்திரை குத்தி அனுப்பிவிட்டான்.

தபால் வந்த அன்று தாபுவைக் கையில் பிடிக்க முடியவில்லை. சர்க்கார் தன் பேருக்கு ஜி போட்டு எழுதியிருக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்து, மாவு பிசைந்துகொண்டிருந்த தாயின் முன்னால் உட்கார்ந்து, சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பித்தாள். ஆறாம் வகுப்பில் தன் பேர் வந்ததும் இரண்டு தடவை வாசித்தாள். ஏழாம் வகுப்புக்கு வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

படி என்றாள் ஹஞ்சா. தாபு படிக்கவில்லை. ஹஞ்சா மாவுக் கையோடு அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"அக்கா பேரும்மா," என்றாள் தாபு. "எல்லா நாளும் வந்திருக்கான்னு போட்டிருக்கு. பாஸாகி ஏழாவது வந்துட்டாளாம்."

ஹஞ்சாவுக்குக் கோபமில்லை, அழுகையுமில்லை. வருஷக்கணக்காகத் தேடிய வாய் கிடைத்துவிட்டது. வாயால் கூப்பிட்டால் என்ன, பேனாவால் கூப்பிட்டால் என்ன? காலை மணி அடித்ததும் வாத்தியார் உட்கார்ந்து நோஜியின் பேருக்கு நேராக வந்தாள் என்று எழுதுகிறார். எழுதினால் பிள்ளை வரத்தானே செய்யும்? நல்ல பிள்ளை அது, ஒரு நாள் மட்டம் போட்டதில்லை.

அன்றைக்கே இன்னொரு மனு எழுதச் சொன்னாள். எங்கள் அக்கா இறந்துவிட்டாள், அவள் பேரை எடுத்துவிடுங்கள் என்று தாபு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த சனிக்கிழமை ஹேம்லதா அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு அவளே வட்டார அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சேதி வாத்தியாருக்கு எட்டாமல் இருக்குமா? ஓங்கார் மாஸ்டர் மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார். அவர் ஹஞ்சாவின் புருஷனுக்கு மூத்த முறை. அப்படிப்பட்ட ஆண்களுக்கு முன்னால் அந்த ஊர் மருமகள்கள் முக்காட்டை மார்புவரை இழுத்துவிட்டுக்கொள்வார்கள், குரல் காட்டமாட்டார்கள். அவர்களும் நேராகப் பேசமாட்டார்கள். பேசியே ஆகவேண்டும் என்றால் கண்ணில் படுகிற எதையாவது பார்த்துச் சொல்ல வேண்டியதுதான். மாஸ்டர் எருமையைப் பார்த்தார்.

"ஏய் எருமை, உன் எஜமானியம்மாகிட்ட சொல்லு," என்று ஆரம்பித்தார். "முப்பது பேர் இருந்தாத்தான் பள்ளிக்கூடம். அந்தப் பொண்ணோட சேத்து சரியா முப்பது. ஒண்ணு குறைஞ்சா பூட்டிட்டு, நெடுஞ்சாலைக்கு அந்தாண்ட இருக்கிற பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க. கல்லு லாரிங்களுக்கு நடுவுல எவன் பொட்டப்புள்ளய அனுப்புவான்?"

எருமை அசைபோட்டது. உள்ளேயிருந்து ஹஞ்சாவின் வளையல்கூடக் கேட்கவில்லை.

"அவ பேரை நான் வேணும்னு வச்சிருக்கல," என்றார் மாஸ்டர், இந்தத் தடவை தரையைப் பார்த்து. "மொத நாள் பேரை அடிக்கக் கை வரல. அம்புட்டு அழகா எழுதுவா. அப்புறம் கணக்கு குறைஞ்சிச்சு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவர் போன பிறகு ஹஞ்சா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. புருஷனின் அண்ணன் ஏற்கெனவே தாபுவுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தான். பள்ளிக்கூடம் போகிறவரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று புருஷனைக் கொண்டு சத்தியம் வாங்கியிருந்தாள். பள்ளிக்கூடம் பூட்டிய மறுநாளே மேளக்காரனுக்குச் சொல்லிவிடுவான். ஹஞ்சாவைக் கட்டிக்கொடுத்தபோது அவளுக்கும் இதே வயசுதான். அந்த முதல் வருஷத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லக்கூடியதும் இல்லை.

செத்த மகளை அனுப்பினால் உயிரோடு இருக்கிறவளையும் அனுப்ப வேண்டும். ஒருத்தியை வைத்துக்கொண்டால்தான் இன்னொருத்தி தங்குவாள். பெற்றவளை நிறுத்தி இப்படித் தராசைக் கையில் கொடுக்க எந்தச் சாமிக்கு மனசு வந்ததோ.

சனிக்கிழமை ஹேம்லதாவைப் பிடித்துக்கொண்டாள். பேரையும் எடுக்க வேண்டும், பள்ளிக்கூடமும் இருக்க வேண்டும், உங்கள் சட்டத்தில் வழி உண்டா என்று கேட்டாள். ஹேம்லதா மழுப்பவில்லை.

"இல்ல அண்ணி," என்றாள். "கேக்கறதுக்குத்தான் சட்டம். கெடச்ச பதிலை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு அதுல எங்கயும் எழுதல." சொல்லிவிட்டு, தான் அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது என்று கண் கலங்கினாள். ஹஞ்சாவுக்கு அவளைத் தேற்ற நேரமில்லை.

மனுவை விசாரிக்க வட்டார அலுவலகத்து அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். பாதி ஊர் பள்ளிக்கூட முற்றத்தில் கூடிவிட்டது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, தாபு எழுதிய மனுவை மடியில் வைத்துக்கொண்டு, மாஸ்டரிடம் ஏதோ கேட்டார். மாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெற்றவளைக் கூப்பிடுங்கள் என்றார் அதிகாரி.

ஹஞ்சா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். சிவப்புத் துணி வழியாக எல்லாரும் நிழலாகத் தெரிந்தார்கள். மாஸ்டர், புருஷனின் அண்ணன், பஞ்சாயத்து ஆட்கள், எல்லாம் அவள் குரல் காட்டக்கூடாத ஆண்கள். பக்கத்தில் தாபு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படிப்பட்ட இடத்தில் தாய் காதில் சொல்வாள், பிள்ளை உரக்கச் சொல்லும். எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

"சின்னப்புள்ள எழுதினதை வச்சு நான் எதுவும் பண்ண முடியாது," என்றார் அதிகாரி. "இறப்புச் சான்றிதழும் இல்லை. பெத்தவங்க சொல்லட்டும், எழுதிக்கறேன். உங்க பெரிய பொண்ணு பள்ளிக்கூடம் வர்றாளா, இல்லையா?"

ஹஞ்சா குனிந்து மகளின் காதில் சொன்னாள். "வர்றான்னு சொல்லு."

தாபு நிமிர்ந்து பார்த்தாள். முக்காட்டுக்குள் தாயின் முகத்தைத் தேடினாள்.

"சொல்லமாட்டேம்மா," என்றாள் மெதுவாக. "அது நான் கையெழுத்துப் போட்டது."

இன்னொரு தடவை சொன்னாள் ஹஞ்சா. தாபு உதட்டைக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். கூட்டம் காத்திருந்தது. புருஷனின் அண்ணன் தொண்டையைச் செருமினான். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"வர்றா," என்றாள் ஹஞ்சா.

அந்த ஊருக்கு மருமகளாக வந்து இத்தனை வருஷத்தில் அவள் குரலை அந்த ஆண்கள் கேட்டதில்லை. மாஸ்டர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். புருஷனின் அண்ணன் யார் பேசியது என்பதுபோலச் சுற்றும்முற்றும் பார்த்தான்.

"தெனம் வர்றாளா?"

"தெனம் வர்றா."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் வந்தா. மணி அடிக்கறப்ப வாசல்ல வந்து நின்னா. நான்தான் திரும்பிப் பாக்கல."

"ஏன், பொண்ணோட சண்டையா?"

"எம்பொண்ணோட எனக்கென்ன சண்டை," என்றாள் ஹஞ்சா. அதற்குமேல் அதிகாரி கேட்கவில்லை.

காலையில் கிளம்பினவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போயிருப்பாள் என்று மாஸ்டர் அவசரமாகச் சொல்லிவைத்தார். அதிகாரிக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருந்தது. வந்ததற்கு ஒரு தடவை பேர் கூப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று பிள்ளைகளை வரிசையாகச் சணல் விரிப்பில் உட்காரச் சொன்னார். தாபு தாயின் கையை உதறிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளேன் ஐயா என்றார்கள். ஹஞ்சா வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடிவிடலாம் போலிருந்தது. இத்தனை நாள் கூப்பிட்டது யாரோ. இன்றைக்குக் கூப்பிடச் சொன்னது அவள்.

"நோஜி," என்றார் அதிகாரி.

அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லி அந்த முற்றம் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு பிள்ளையும் அசையவில்லை. வேப்ப இலைகூட உதிரவில்லை. எண்ணெய் வைத்துப் பின்னிய தலைமுடியின் வாசம் ஹஞ்சாவின் முக்காட்டுக்குள் வந்து, அவளைத் தாண்டி, பிள்ளைகள் பக்கமாகப் போனது.

முன்வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்த தாபு, பாவாடையை இழுத்து மடித்துக்கொண்டு, விரிப்பில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டாள்.