ராவிய பல்

தையல்காரிக்கு வாயும் ஒரு கருவிதான். குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொள்வோம், நூலைப் பல்லால் கடித்து அறுப்போம். கத்தரிக்கோல் இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கும், ஆனால் வேண்டும்போது துணிக்கு அடியில் எங்காவது ஒளிந்திருக்கும். இப்படிப் பல வருடம் நூல் கடித்து என் முன்பல் ஒன்றின் நுனியில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. அளவு கொடுக்க வந்தவர்கள் யாரும் என் பல்லைப் பார்த்துப் பயந்து ஓடியதும் இல்லை.

என் அக்கா வீட்டுக்காரர் பல் டாக்டர். அவருடைய கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காருவது அக்காதான். போன வருடம் அத்தான் பல்லை அழகாக்குகிற வேலையையும் ஆரம்பித்தார். புதுப் பெயர்ப்பலகை, புது நாற்காலி எல்லாம் போட்டும் ஆள் வரவில்லை. அந்த நாட்களில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என் முகத்தையே பார்த்தார்.

"உன் முகத்துக்கு இந்தப் பல்லா? முன்னாடி இருக்கிற ஆறுக்கும் கேப் போட்டா ஆளே மாறிடுவ."

"வலிக்குமா அத்தான்?"

"நகம் வெட்ற மாதிரிதான். மேலாப்ல லேசா ராவிட்டு, மேல பல்லு மாதிரி ஒரு உறை மாட்டுவேன், அவ்வளவுதான்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த வயதில் என் முகத்தைப் பற்றி வேறு யார் பேசுகிறார்கள்? அக்காவைப் பார்த்தேன். "பண்ணிக்கோடி, வீட்லயே டாக்டர் இருக்கும்போது என்ன பயம்?" என்றாள். வெளி டாக்டராக இருந்தால் கேள்வி கேட்டே துளைத்து எடுத்திருப்பேன். எங்கள் குடும்பத்தில் சொந்தக்காரரிடம் கேள்வி கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்று பெயர் வந்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு போய், அங்கே வாயைத் திறந்து படுத்தேன். ராவுகிற மெஷின் ஓடிய நேரம் முழுக்க அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேப்பை ஒட்டி முடித்த பிறகுதான் கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள்.

பொய் சொல்லக் கூடாது, பல் முத்து மாதிரி இருந்தது. என் பழைய சிரிப்பையும் புதுச் சிரிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் படமாகக் கிளினிக் சுவரில் மாட்டினார்கள். அதைப் பார்த்துக் கூட்டம் வர ஆரம்பித்தது. எனக்கோ குளிர்ந்த தண்ணீர் பட்டால் மண்டை வரை கூசியது. "சரியாப் போயிடும்" என்றார் அத்தான். நானும் சரியாகப் போகட்டும் என்று காத்திருந்தேன்.

இந்த வாரம் ரொட்டியைக் கடிக்கும்போது ஒரு கேப் கழன்று வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பல் இருந்த இடத்தில், சீவித் தேய்ந்த பென்சில் முனை மாதிரி மஞ்சளாக ஒரு குச்சி நின்றது. அத்தான் வெளியூரில் இருந்ததால் பக்கத்துத் தெருவில் இருக்கும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"இந்தப் பல்லுக்கு என்ன கோளாறுன்னு ராவினாங்க?"

"நுனியில ஒரு பள்ளம். கொஞ்சம் மஞ்சள்."

"பள்ளத்தைப் பல் நிறத்துல வெச்சு அடைச்சிருக்கலாமே. மஞ்சள்னா, ஈறு நல்லா இருந்தா மருந்து வெச்சு வெளுக்க வைக்கலாம். ரெண்டு நாள் கூசும், அப்புறம் அடங்கிடும். ராவினது மட்டும் திரும்ப வளராதும்மா. இனி காலம் முழுக்க கேப் மாத்திட்டே இருக்கணும். இந்தப் பல்லோட நரம்பும் கெட்டுப்போச்சு, வேர் வரைக்கும் வைத்தியம் பண்ணணும்."

அதுவரைக்கும் கேப்பை லேசாக ஒட்டி அனுப்பினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தானுக்காக நானே வக்கீலாக வாதாடினேன். புது வேலைதானே, கை தவறியிருக்கும், அவருக்கே தெரிந்திருக்காது. அப்படி நம்பினால்தான் அன்றைக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் சாயங்காலம் அக்கா மகள் பள்ளி விழாவுக்குத் தைத்த கவுனைப் போட்டுப் பார்க்கக் கடைக்கு வந்தாள். நான் குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்து விளிம்பை மடித்தேன்.

"நீங்க குடுத்து வெச்சவங்க சித்தி. உங்க மாதிரி பல்லு வேணும்னு நானும் கெஞ்சிட்டே இருக்கேன். அப்பா முடியவே முடியாதுன்னுட்டார்."

"ம்?" என்றேன்.

"நல்ல பல்லை ராவுனா போனது போனதுதானாம். வேணும்னா கம்பி கட்டி விடுறேங்கிறார். சித்திக்கு மட்டும் ஏன் போட்டீங்கன்னு கேட்டேன். அதுக்கு அம்மா கத்துறா, 'அவ கதை வேற, அவளோட உன்னைச் சேர்க்காதே'ன்னு."

குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன். இல்லாவிட்டால் விழுங்கியிருப்பேன். மகளைக் கூட்டிப்போக அக்கா உள்ளே நுழைந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"நல்ல பல்லை ராவக் கூடாதுன்னு உனக்கு எப்போலேருந்து தெரியும்?" என்றேன்.

அக்கா மகளை முறைத்தாள். "இவ என்னத்தை உளறினா?"

"எப்போலேருந்து?"

"பல் டாக்டர் வீட்ல இருக்கிறவளுக்குத் தெரியாமப் போகுமா? கிளினிக் ஈ ஓட்டிட்டிருந்துச்சுடி. காட்டுறதுக்கு ஒரு முகம் வேணும்னார். நீ நம்ம ஆளு. நீ எதுவும் கேட்க மாட்டேன்னு நான்தான் சொன்னேன்."

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே அக்கா."

"பாதியில நீ எழுந்து போயிட்டா அவர் என்ன பண்ணுவார்?"

இதை அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதுதான் கொடுமை. கடை வேலையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். அத்தானையாவது நடுவில் வந்த மனிதர் என்று தள்ளிவிடலாம். இவள் என்னோடு ஒரே போர்வைக்குச் சண்டை போட்டு வளர்ந்தவள்.

"இப்ப என்ன குறைஞ்சு போச்சு? பார்க்க அழகாத்தானே இருக்கு" என்றாள்.

"அழகா? இந்தா, நல்லாப் பாரு."

லேசாக ஒட்டியிருந்த கேப்பைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைத் தூக்கினேன். அக்கா பார்க்கவில்லை. சட்டென்று மகளைத் தன் பக்கம் இழுத்து, அவள் கண்களைப் பொத்தினாள்.