ஆறு புள்ளி நாலு

கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி, அதே தேய்ப்பு இயந்திரம். பவர் சரியில்லை, தலை வலிக்கிறது என்று திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடையில் யார் எதை அளந்தாலும், "அக்கா ஒரு தடவை பாத்துட்டாங்களா?" என்று கேட்ட பிறகுதான் உறைக்குள் போடுவார்கள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

வீட்டில் அவளுக்கு இன்னொரு கிறுக்கு, எலக்ட்ரானிக்ஸ். சாப்பாட்டு மேஜையில் பாதியைச் சால்டரிங் அயர்னும் ஈயக் கம்பியும் சில்லுகளும் வண்ண ஒயர்களும் பிடித்துக்கொண்டிருந்தன. புருஷன் மீதிப் பாதியில் சாப்பிடுவார். "என்ன வேணா செஞ்சுக்கோ, என் தட்டுல ஈயம் விழாம பாத்துக்கோ" என்பதோடு அவருடைய தலையீடு முடிந்துவிடும்.

தங்கையின் புருஷன் மெக்கானிக். டிவி, ஆம்ப்ளிஃபையர், சார்ஜர் எல்லாம் பழுது பார்க்கிறவர். மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு கடை. கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிற காலமாகிவிட்டதால், கடைக்கு ஆள் வருவது குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் மனுஷர் கை சும்மா இருக்காது. அக்காவுக்கு உதவட்டும் என்று, சுவர் மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாக இறக்கித் தருகிற ஒரு பவர் சப்ளை பெட்டியைச் செய்து கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குத்தான் அவள் மேஜைமேல் கிடந்த, வோல்ட் அளக்கிற மஞ்சள் மீட்டரையும் பார்த்தார். அது ஏதோ ஒரு செட்டோடு இலவசமாக வந்தது.

"அக்கா, இத விளையாட்டுக்கு வெச்சுக்கோங்க. நம்பி எதையும் அளக்காதீங்க. நல்லதா ஒண்ணு வாங்குற வரைக்கும் என்னோடத எடுத்துக்கிட்டுப் போங்க."

"இருக்கட்டும் தம்பி, எனக்கு இது போதும்" என்றாள். அளப்பதைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று உள்ளுக்குள் சுருக்கென்றது. அந்தச் சுருக்கு அப்படியே தங்கிவிட்டது.

அந்தப் பெட்டியை வைத்து ஏழு வாரம் மெனக்கெட்டு ஒரு கடிகாரம் செய்தாள். பெரிய சிவப்பு எண்கள், கீழே அறையின் வெப்பநிலை. ஓட விட்ட நாலாம் நாள் லேசாகக் கருகல் வாசனை வந்தது. எண்கள் அணைந்துவிட்டன. கடிகாரத்தின் பலகையில் இருந்த கெப்பாசிட்டர் ஒன்று, சுண்டுவிரல் நுனி அளவு உருளை, தலை வீங்கி நின்றது. ஆறு வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. அவள் மஞ்சள் மீட்டரை எடுத்துப் பெட்டியின் முனைகளில் வைத்தாள். ஐந்து காட்ட வேண்டிய இடத்தில் ஆறு புள்ளி நாலு. மறுபடி வைத்தாள். ஆறு புள்ளி நாலு. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கோபம் வந்தது என்று மட்டும் சொன்னால் முழு உண்மை ஆகாது. கோபத்தோடு கூடவே ஒரு திருப்தியும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவளைப் போன்ற கிறுக்குகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு பள்ளிக்கூடத்தின் பௌதிக அறையில் கூடுவார்கள். பல் வைத்தியர் ஒருவர், பேருந்து ஓட்டுநர் ஒருவர், இப்படிப் பலதரப்பு. நடத்துகிறவர் அந்தப் பள்ளியின் பௌதிக வாத்தியார். ஆய்வுக்கூடத்துக் கருவிகளைப் பராமரிக்க மாதச் சம்பளத்துக்கு ஒரு ஆள் போட அப்போதுதான் அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. மெக்கானிக்கின் பெயரை முன்மொழிந்ததே அவள்தான். தங்கை அன்றைக்குப் போனில் பேசிய குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. "அக்கா, இவருக்கு இது மட்டும் கிடைச்சிடுச்சுன்னா நாங்க நிமிர்ந்துடுவோம்."

வாத்தியார் எல்லார் முன்னாலும் கேட்டார். "உங்க கடிகாரம் என்ன ஆச்சு? இன்னிக்குக் கொண்டுவரேன்னீங்களே?"

ஏதோ கெட்டுப்போச்சு சார் என்று சொல்லியிருக்கலாம். அவள் கைப்பேசியை எடுத்துப் படத்தைக் காட்டினாள்.

"அஞ்சு வோல்ட்டுன்னு குடுத்த பெட்டி சார். நீங்களே பாருங்க."

படம் கை மாறி மாறிப் போயிற்று. பல் வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். "யார் செஞ்சது?" என்று ஓட்டுநர் கேட்டார். அவள் சொன்னாள்.

வாத்தியார் படத்தைத் தன் கைப்பேசிக்கும் அனுப்பிக்கொண்டார். பத்து நாள் கழித்து அந்த வேலைக்கு வேறு ஒருவர் வந்தார். பிள்ளைகள் தொடுகிற கருவி, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று வாத்தியார் அவளிடம் தனியாகச் சொன்னார். அதில் தப்பு காண அவளால் முடியவில்லை. இரண்டு மாதத்தில் படிக்கட்டுக் கடையைப் பூட்டிவிட்டு மெக்கானிக் பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். தங்கை போன் செய்வது குறைந்தது. செய்தாலும் வாய் நிறையப் பேசுவதில்லை.

மஞ்சள் மீட்டரையும் பெட்டியையும் அவள் பரண்மேல் தூக்கிப் போட்டிருந்தாள். இதற்கிடையில் ஆய்வுக்கூடத்துக்கு நாலு புது மீட்டர் வாங்க வேண்டி வந்தது. "துல்லியமான கை உங்களோடது, நீங்களே பாத்து எடுங்க" என்று வாத்தியார் அவளிடம் ஒப்படைத்தார். அவளுக்கு மறுக்கத் தோன்றவில்லை.

கருவிகள் விற்கிற கடையில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அம்மாள் அவசரப்படாத ரகம். ஒவ்வொரு மீட்டரையும் திருப்பி, பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஃபியூஸைக் காட்டினார். ஒயரின் ரப்பரை வளைத்துக் காட்டினார். பிறகு தீப்பெட்டி அளவில் ஒரு பலகையை எடுத்து வைத்தார். "இது சரியா அஞ்சு வோல்ட் குடுக்கும். இதுல வெச்சுப் பாத்துதான் நான் எந்த மீட்டரையும் விப்பேன். உங்க பழசு கையில இருக்கா? ஒப்பிட்டுப் பாத்தா உங்களுக்கே வித்தியாசம் புரியும்."

ஒப்பிட உதவும் என்று பரணிலிருந்து எடுத்துப் பையில் போட்டுத்தான் வந்திருந்தாள். வைத்தாள். ஆறு புள்ளி ஐந்து.

அவள் கண் அந்த எண்ணிலேயே நின்றுவிட்டது. அந்த அம்மாள் சட்டென்று மஞ்சள் மீட்டரின் முதுகைத் திறந்து, பேட்டரியைப் பிடுங்கி, டிராயரிலிருந்து புதிதாக ஒன்றைப் போட்டு மறுபடி வைத்தார். ஐந்து புள்ளி பூஜ்யம் ஒன்று.

"இந்த ரகத்துல பேட்டரி இறங்கிடுச்சுன்னா எல்லாத்தையும் கூட்டிச் சொல்லும். மூலையில சின்னதா ஒரு பேட்டரி படம் வரும், யாரும் பாக்க மாட்டாங்க. அதோ அந்த ரகம் இறங்கினா அணைஞ்சே போயிடும். தப்பா மட்டும் சொல்லாது. அதான் விலை."

அவள் கைப்பேசியைத் திறந்து பழைய படத்தைத் தேடினாள். ஆறு புள்ளி நாலு. இடது மூலையில், கடுகளவு, பேட்டரி படம். பதினெட்டு வருஷமாகக் கால் பவர் வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கிற கண்.

அணைந்துபோகிற ரகத்திலேயே நாலு மீட்டரோடு தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாள். மெக்கானிக்கின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி அளந்தாள். ஐந்து புள்ளி பூஜ்யம் இரண்டு. வீங்கிய கெப்பாசிட்டரை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். அதன் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு, அந்தப் பக்கத்துக் கால் மைனஸில் போக வேண்டும். ப்ளஸ்ஸில் போயிருந்தது. மாற்றி வைத்து ஈயம் போட்டது அவள் கைதான்.

தங்கை வீட்டுக்குப் போகிற வழி நெடுகச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். கதவு திறந்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று. மெக்கானிக் கிடங்குச் சீருடையோடு உட்கார்ந்து, முதுகில் தைலம் தேய்க்கக் குனிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"வாங்கக்கா."

நின்றபடியே சொல்லி முடித்தாள். பேட்டரி, கோடு, ஐந்து புள்ளி பூஜ்யம் இரண்டு, எல்லாம். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்க்கா. வாத்தியார் அந்தப் படத்த எனக்கு அனுப்பி விளக்கம் கேட்டாரு. பாத்ததுமே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் தம்பி சொல்லல?"

"மீட்டர் தப்புன்னு எழுதினேன். மாட்டிக்கிட்டவன் வேற என்ன சொல்வான்னு நெனச்சிருப்பாரு. பதில் வரல." அவர் தைலப் புட்டியின் மூடியைத் திருகினார். "உங்ககிட்ட எதுக்குச் சொல்றது? பெட்டி குடுத்த அன்னிக்கே சொன்னேனே."

அடுக்களை வாசலில் நின்ற தங்கை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அக்காவைப் பார்க்கவில்லை, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டயும் சொன்னாரு" என்றாள் தங்கை. குரல் உயரவில்லை. "மீட்டர்தான் தப்புன்னு. நான் நம்பல. எங்கக்கா அளந்தா தப்பாதுன்னு சொன்னேன். கையாலாகாத்தனத்த மறைக்க அவமேல பழி போடாதீங்கன்னு சொன்னேன். ஒரு நாள் இல்ல, மாசக்கணக்கா சொல்லிக் காட்டினேன்."



"நான் வாத்தியார்கிட்டப் பேசறேன்" என்றாள் மூத்தவள்.

"வேணாம்க்கா. அங்க வந்தவரும் பொழைக்க வந்தவருதான்." மெக்கானிக் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. "டீ குடிச்சிட்டுப் போங்க."

தங்கை டீ போட உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மூத்தவள் கிளம்பினாள். படியிறங்கும்போது உள்ளே இரண்டு பேரில் யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்தாள். சத்தமே இல்லை.

அடுத்த ஞாயிறு பௌதிக அறையில் எழுந்து நின்றாள். புது மீட்டர்களை மேஜைமேல் வரிசையாக வைத்து, இவை பேட்டரி இறங்கினால் அணைந்துவிடும் என்று சொல்லிவிட்டு, தன் படத்தையும் அந்தக் கடுகளவு பேட்டரியையும் காட்டி, தப்பு தன்னுடையது, அந்தப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை, ஒரு நல்ல தொழிலாளியின் வேலை தன் வாயால் போனது என்று மறைக்காமல் சொன்னாள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அடடா" என்றார் பல் வைத்தியர். வாத்தியார் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்வரிசையிலிருந்து ஓட்டுநர் கையைத் தூக்கினார்.

"பேட்டரி இறங்கினா அணைஞ்சுடும்னீங்களே, அது எந்த மாடல்? நம்பரச் சொன்னீங்கன்னா நானும் வாங்கிடுவேன்."

நாலைந்து பேர் நோட்டைத் திறந்தார்கள். அவள் சாக்பீஸை வாங்கிக் கரும்பலகையில் எண்ணை எழுதினாள். ஒரு எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றார்கள். அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினாள்.