மூலையில் ஒரு சிவப்புக் கோடு

சர்க்கார் ஆபீசின் வரைபட அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்ற அப்பாவுவைப் பார்த்ததும், அங்கே எடுபிடி ஆளாக இருந்த சன்னாசிக்குச் சிரிப்பு வந்தது. தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வந்த புழுதியோடு, கல்யாணத்துக்கு மட்டும் வெளியே எடுக்கும் கறுப்புக் கோட்டையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார் மனைவியின் அண்ணன்.

“உள்ள வாங்க மச்சான். இது ஆபீசு, கோயில் இல்ல.”

“கோயில் விசயமாத்தான் வந்திருக்கேன் மாப்பிள்ளே.”

ஏழாங்கட்டைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்த துரை, மாரியம்மன் கோயிலை இடித்துவிட்டு அந்த இடத்தில் ரப்பர் காயவைக்கும் புகைக்கூடம் கட்டப்போகிறாராம். லயத்து வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளி ஜனம் மொத்தமும் போய் மன்றாடியதில், அது சர்க்கார் ஒதுக்கிய நிலம் என்றால் சர்க்கார் வரைபடத்தைக் கொண்டுவாருங்கள், ஒரு கல்லைக்கூடத் தொடமாட்டேன் என்று இறங்கி வந்திருக்கிறார். ரோடு போட்ட காலத்தில் கோயிலைச் சுற்றிச் சங்கிலி வைத்து அளந்தது அப்பாவுவுக்கு நன்றாக நினைவிருந்தது. சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தவரே அவர்தான்.

“நம்ம மாப்பிள்ளை அங்கதான இருக்காருன்னு எல்லாருக்கும் தைரியம் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

சன்னாசிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நிமிராமல் என்ன செய்யும்? முத்தம்மாவுக்குத் தாலி கட்டியது அந்தக் கோயிலில். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு, மூன்றாவதைக் கையில் கொடு தாயே என்று அவள் தீ மிதித்ததும் அங்கேதான். பிறந்த பெண்ணுக்கு மாரியம்மா என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அறைக்குப் பொறுப்பான குமாஸ்தா, கிராணி சதாசிவம், விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். வரைபடம் பொதுஜனத்தின் சொத்து, கேட்டவருக்குக் காட்டத்தான் சம்பளம் வாங்குகிறோம் என்பது அவருடைய கொள்கை. பொதுஜனத்தில் யாரும் இதுவரை கேட்டு வராததால் அந்தக் கொள்கைக்கு ஒரு கஷ்டமும் வந்ததில்லை. இன்றுதான் முதல் ஆள் என்று அவருக்கும் உற்சாகம்.

“தாப்பா ரோடு, சன்னாசி. மேல் தட்டில பாரும். அது ஒன்றுதான் மூலம், நகல் எடுக்கவில்லை. சுலபமா அடையாளம் தெரியும். மூலையில கோயிலைச் சுத்திச் சிவப்பு மசியால எல்லை போட்டிருக்கு.”

ஏணியில் ஏறிய சன்னாசியின் கால் பாதியில் நின்றது.

வரைபடங்களெல்லாம் கஞ்சிப்பசை ஏற்றிய மெல்லிய துணியில் வரைந்தவை. புதிதாக ஒன்று வரைந்து வந்ததும், பழையதன் மூலையில் கிராணி சிவப்பு மசியால் ஒரு கோடு இழுப்பார். அது கழிவு. கழிவை ஆபீஸ் ஆட்கள் எடுத்துப்போவது வழக்கம். வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் பசையும் மசியும் கரைந்து, பட்டு தோற்றுப்போகும் வெள்ளைத் துணி மிஞ்சும். அவர்கள் குடியிருக்கும் புந்தோங்கில் ஆபீஸ் ஆட்களின் பிள்ளைகள் பாதிப்பேர் ஏதோ ஒரு பாலத்தையோ போலீஸ் ஸ்டேஷனையோ உடுத்தித்தான் வளர்ந்தார்கள்.

முத்தம்மாவுக்கு மாதம் நெருங்கிய சமயம், மழை ஒழுகுகிறதென்று தட்டுகளை இடம் மாற்றினார்கள். எழுத்து படிக்கத் தெரியாத சன்னாசி, ஒரு வரைபடத்தின் மூலையில் சிவப்பைப் பார்த்தான், கழிவுக் கட்டில் போட்டான். அதிலேயே நயமான துணி அதுதான் என்று வீட்டுக்கும் எடுத்துப்போனான்.

தட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. இருந்தும் கையை விட்டுத் துழாவினான். பக்கத்துச் சுருள்களை எல்லாம் பிரித்தான். வியர்வை கண்ணில் இறங்கியது.

“இல்லையா?” என்று கிராணி கீழிருந்து கேட்டார். பிறகு அவரே, “கறையான் தின்றிருக்கும்” என்று பெருமூச்சுவிட்டார்.

“கறையான்தான் ஐயா.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைத் திரும்ப வாங்க வழியில்லை.

புந்தோங் வரை இருவரும் நடந்தே போனார்கள். வழியெல்லாம் சன்னாசிக்கு, இந்த மனிதர் தன்னை நாலு வார்த்தை திட்டிவிட்டால் போதும் என்றிருந்தது.

“மச்சான்...”

“விடுங்க மாப்பிள்ளே. பூச்சி தின்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? ஆத்தா பாத்துக்குவா.”

சன்னாசி நடையை எட்டிப் போட்டான்.

வீட்டில் முத்தம்மா குழந்தையைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தாள். அவர் கோட்டுப் பையிலிருந்து கோயில் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, மருமகளைக் கொஞ்சி, அவள் நெற்றியில் பூசினார். பிறகு குழந்தையின் சட்டையைத் தடவினார்.

“என்னா துணி இது, இம்புட்டு மெத்துன்னு இருக்கு?”

“அவரு ஆபீசிலேருந்து கொண்டாந்தாருண்ணே. நானே தச்சேன். காசு குடுத்தாலும் கடையில கெடைக்காதுலா.”

கழுத்தருகே தொடங்கி மார்பில் இறங்கி, ஓரத்தில் திரும்பி, வெளிறிய சிவப்பாக ஒரு கோடு ஓடியது. அப்பாவு அதன்மேல் விரல் வைத்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சன்னாசி, எங்காவது ஓடிவிடலாமா என்று பார்த்தான்.

“இது என்னா புள்ளே, கறையா?”

“எத்தனை தடவை கொதிக்க வச்சும் அது மட்டும் போவலண்ணே.”

“போயிரும், போயிரும்” என்று சொல்லி, அப்பாவு கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, அந்தக் கோட்டை மெல்லத் தேய்க்கத் தொடங்கினார். குழந்தை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது.