ஏரி ஏற்காத சலிமிடி

ஏரிக்கரைத் தோணிரேவில் ஒருவன் மீன்பிடிக்கத் தண்ணீருக்குப் போய்த் திரும்பாமல், உடலும் கிடைக்காமல் போனால், அவன் பெண்டாட்டி சலிமிடி செய்து ஏரியில் விடவேண்டும். ஊறிய பச்சரிசியை ஈரத்தோடு இடித்து, பனைவெல்லப் பாகில் கிளறி, உருட்டி, ஓலைத்தட்டில் வைத்துத் தள்ளிவிடுவார்கள். மடவை மீன்கள் வந்து தின்றுவிட்டால் அவன் செத்துவிட்டான் என்று அர்த்தம். கரையிலேயே தாலியைக் கழற்றிவிடுவார்கள். தட்டு அப்படியே திரும்பி வந்தால் அவன் உயிரோடு இருக்கிறான். அப்படித் திரும்பி வந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. மடவைக்குப் பனைவெல்லம் என்றால் அவ்வளவு ஆசை.

இளவழகனின் படகு, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்திலிருந்து ஆளில்லாமல் வந்தது. அவன் மனைவி அமுதவல்லி அழவில்லை. பஸ் ஏறி எளாவூருக்குப் போனாள்.

"இன்னாத்துக்கும்மா வெல்லம்?" என்றார் கடைக்காரர்.

"சலிமிடிக்கு."

"அப்ப இத்த எடுக்காத. பளபளன்னு கீதேன்னு பாக்கறியா? பூரா சீனிப்பாகு, கலரு. பனைமரத்து நெழல்கூட இதும்மேல பட்டிருக்காது."

"இதான்ணா வேணும். அரிசிமாவுக்குப் பதிலா மைதா குடு. பனைவெல்ல வாசனைக்கு எசென்ஸ் எதனா கீதா?"

"யார ஏமாத்தப் போற?"

"ஏரிய."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மீன் தின்னாவிட்டால் தாலி கழுத்தில் இருக்கும். தாலி இருந்தால் அவன் இருந்தாகவேண்டும்.

தட்டை விடும் நாளில், முகத்துவாரத்தை ஒட்டிய லைட்ஹவுஸ் குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட இளவழகனின் தங்கை குணசுந்தரி வந்திருந்தாள். "வாசன ஊரத் தூக்குதே அண்ணி" என்றாள். அமுதவல்லி தட்டைத் தள்ளினாள். மடவைகள் வந்தன. ஒரு சுற்று சுற்றின. பிறகு எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிப் போய்விட்டன. தட்டு மெதுவாக மிதந்து வந்து அவள் கால்விரலில் இடித்தது.

மறுநாள் உச்சிவெயிலில் இளவழகன் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தான்.

ஊரே கரைக்கு ஓடியது. எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். "தண்ணில இருந்தேன். வந்துட்டேன்" என்றான். எல்லாருடைய பெயரையும் சரியாகச் சொன்னான். வலை பின்னும் கை அதே வேகத்தில் ஓடியது. வைத்த குழம்பை நன்றாக இருக்கிறது என்றான். முன்னெல்லாம் உப்பு இல்லை என்பான்.

அவன் கட்டைவிரலில் நண்டு கடித்த தழும்பு இருந்தது. அமுதவல்லி அதைத் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரிந்த மேடு விரலுக்குத் தெரியவில்லை. கொசுக்கள் அவளை மட்டும் கடித்தன. அவன் வலை போட்டால் மடவைகள் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போயின.

ஒரு காலையில் குணசுந்தரி வந்து, இளவழகன் படகடிக்குப் போகும்வரை காத்திருந்தாள்.

"அண்ணி, நீ அதுல இன்னா போட்ட?"

அமுதவல்லி சொல்லிவிட்டாள்.

"எங்கண்ணன் முகத்துவாரத்துல கத்திக்கினு கீறான். நான் மீன் காயவெக்கிறப்போ, பட்டப்பகல்ல கேக்குது. கரை எங்க, கரை எங்கன்னு. தாலி உன் கழுத்துல கீற வரைக்கும் அவனால போவமுடியல, வரவும் முடியல." குணசுந்தரி மடியிலிருந்து ஓலையில் சுற்றிய கறுத்த வெல்லத்தை எடுத்து வைத்தாள். "இது அசலு."

அமுதவல்லி திரும்பியபோது, படகடிக்குப் போனவன் வாசலில் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"செய். நான் அரிசிய இடிச்சுத் தர்றேன்" என்றான்.

அவன் இடித்தான். மாவு பூப்போல வந்தது. அமுதவல்லி பாகைக் கிளறியபடி, அவனைப் பார்க்காமல் கேட்டாள்: "உனக்கு எதனா ஆயிடுமா?"

"தெரியல. நான் இதுக்கு முன்னாடி இருந்ததே இல்லயே."

மூவரும் கரைக்குப் போனார்கள். இந்த முறை தட்டு கொஞ்சதூரம்கூடப் போகவில்லை. தண்ணீர் கொதிப்பதுபோல மடவைகள் எழும்பின. ஓலை மட்டும் கவிழ்ந்து மிதந்தது. குணசுந்தரி காதைத் தீட்டிக்கொண்டு முகத்துவாரத்துப் பக்கம் பார்த்து நின்றாள். "சத்தம் நின்னுடுச்சு" என்றாள். பிறகு மணலில் விழுந்து அழுதாள். எழுந்து, அண்ணியின் தாலியைக் கழற்றினாள். இப்போதுதான் அமுதவல்லிக்கு அழுகை வந்தது. செத்துப்போன இளவழகனுக்காக, தொண்டை வலிக்கும்வரை அழுதாள்.

அழுது முடித்துத் திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஈர மணல் மட்டும் இருக்கும் என்று நினைத்தாள்.

அவன் அங்கேயே நின்றிருந்தான், காலிப் பாத்திரத்தை இடுப்பில் அணைத்தபடி. குணசுந்தரி அவனைப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனாள். அவன் அமுதவல்லியின் பின்னாலேயே வீடுவரை வந்து, வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டான்.

அவள் உள்ளேயிருந்து அவனை வெகுநேரம் பார்த்தாள். வெறும் கழுத்தில் காற்று பட்டது.

"உன் பேரு இன்னா?" என்று கேட்டாள்.

அவன் யோசிக்க ஆரம்பித்தான்.