செத்தவர் குடை கேட்ட பக்கம்

1

ஒரு மாபெரும் நாவலை என்னால் படித்து முடிக்க முடியவில்லை. அந்த எரிச்சலில்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். எந்த நாவல் என்று கேட்காதீர்கள். வெளியே சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் தைரியமுள்ள ஒருத்தியை உண்டாக்கினேன்.

முதல் வாக்கியம்: மாலை வெயில் நூலகத்தின் ஜன்னல் வழியாக... (வேண்டாம். வெயிலில் ஆரம்பிக்காத கதை எனக்கு ஒன்றாவது இருக்கட்டும்.)

2

அவள் நூலகத்தில் பைண்டர். கிழிந்து வரும் புத்தகத்தைப் பிரித்து, தைத்து, பசை தடவி, அட்டை போடுகிறவள். அவளுடைய அக்காவின் கணவர் இலக்கியப் பேராசிரியர். அவளைப் 'பசை' என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

அந்த நாவலுக்கு நூறு வயது ஆனது. நூலகத்தில் விழா, பேச்சாளர் அத்தான். அவள் நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை எடுத்துப் படித்தாள். அத்தானும் அந்தப் பிரதியைத்தான் இரவல் வாங்கிப் படித்தவர். நூறு பக்கத்துக்குள் அவளுக்கு நாலு முறை கண் சொக்கியது. பிறகு கதாநாயகியின் அப்பா செத்தார். அடக்கமும் முடிந்தது. சில பக்கம் தள்ளி அதே அப்பா வந்து, குடை எங்கே என்று கேட்டார்.

அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

"செத்தவரு எப்படி அத்தான் திரும்பி வர்றாரு?"

"அது காலத்தை உடைக்கிற உத்தி. எனக்கே நாலாவது தடவைதான் பிடிபட்டுச்சு. உனக்கெதுக்கு அதெல்லாம், பசை?"

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவள் அழுகிற ஆள் இல்லை. அடித்துவிட்டேன்.)

3

மறுநாள் பக்க எண்களைப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்து நூற்று இருபத்தொன்பது. பதினாறு பக்கம் கொண்ட தாள் மடிப்பான ஒரு ஃபாரத்தை இரண்டு ஃபாரம் தள்ளித் தைத்திருந்தார்கள். தைத்திருந்தார்கள் என்ன, தைத்தவளே அவள்தான். பின்னட்டையின் உள்ளே ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியும் அவள் கையெழுத்தும் இருந்தன.

ஆறு வருடத்தில் ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை!

பிரித்து, வரிசையாக அடுக்கித் தைத்து, முதலிலிருந்து படித்தாள். இப்போது அப்பா ஒழுங்காகக் குடையைத் தேடினார், ஒழுங்காகச் செத்தார். அவளுக்குக் கொட்டாவிதான் வந்தது. இத்தனை புகழுக்கு இவ்வளவுதானா என்று ஏமாந்துபோனாள். கண் சொக்கியபோதெல்லாம் தன் மண்டையில்தான் கோளாறு என்று நினைத்ததற்குக் கோபமும் வந்தது.

4

விழா மேடையில் அத்தான், செத்த அப்பா குடை கேட்கும் இடத்தை விவரித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூடமே கைதட்டியது.

முடிவு ஒன்று: அவள் பேசாமல் வீட்டுக்குப் போய்... (சீ!)

முடிவு இரண்டு: அத்தானைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறாள். (எனக்கும் ஆசைதான். ஆனால் அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.)

மூன்றாவதை நான் யோசிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். முன்னால் அவளுடைய மேலதிகாரி, நூலகர். தப்பை ஒப்புக்கொண்டால் வேலைக்கே உலை.

"அந்த இடத்தை நாவலாசிரியரு அப்படி எழுதலைங்க. நான் ஃபாரத்தை மாத்தித் தெச்சுட்டேன், தப்பு என்னோடது. இப்ப சரியாத் தெச்சுப் படிச்சேன். எனக்கு இந்த நாவல் பிடிக்கலை. நீங்க கைதட்டினது என் தப்புக்குத்தான்."

நூலகர் தொண்டையைச் செருமினார்.

"நான் எண்பதாம் பக்கத்தைத் தாண்டினதே இல்லைம்மா."

"நான் அறுபது," என்றது பின்வரிசை.

"முப்பத்திரண்டு!"

"நான் முன்னுரையோட சரி!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

5

சிரிப்பு அடங்கி எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு அத்தான் இருப்பார். அவர் என்ன சொல்வாரோ அதையே போட்டுக்கொள்ளுங்கள். அவர் மன்னிப்புக் கேட்கலாம், மழுப்பலாம், மைக்கை வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். உங்கள் இஷ்டம்.

அவளை மட்டும் உட்காரவைத்துவிடாதீர்கள்.