அக்குளில் ஒரு நீச்சல் உடை

நான் தைத்த கோட்டு ஒன்று, அதைப் போட்டவர் ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு நாள் தனியாகவே ஆபீஸ் போய் வந்தது. அப்படிப்பட்ட கை என்னுடையது. அந்தக் கைதான் பெற்ற மகளின் கவுனில் தப்புப் பண்ணியது.

மகள் பியானோ வாசிப்பவள். நகரத்தின் பெரிய அரங்கில் அன்று மாலை ஆறு மணிக்கு அவளுடைய முதல் கச்சேரி. நன்றாக அமைந்தால் வருஷம் முழுக்க மாதம் ஒரு மேடை தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். ஒத்திகைக்காக அவள் ஒரு வாரம் முன்பே போய்விட்டாள். கருநீலத்தில் நீளக் கை வைத்துத் தைத்த கவுனைப் பையில் போட்டுக்கொண்டு நானும் மனைவியும் காலை ரயிலில் போய் இறங்கினோம். சாயங்காலம் வரை பொழுது போக வேண்டுமே என்று ஓவியக் கூடத்துக்குள் நுழைந்தோம்.

மூன்றாவது அறையில் சுவர் உயரத்துக்கு ஒரு படம். ஒரு பெண் பியானோ வாசிக்கிறாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், நான் அக்குளைப் பார்த்தேன். தொழில் புத்தி. கை கடைசிக் கட்டை வரை நீண்டிருக்கிறது, சட்டையில் ஓர் இழுப்பு இல்லை. எப்படி என்று குழம்பி நின்றேன். படத்தில் இருந்தவளுக்கே இரக்கம் வந்து முழங்கையை ஓர் அங்குலம் தூக்கிக் காட்டினாள். கையோடு சேர்ந்து விரியும்படி அக்குளில் சாய்சதுரமாக ஒரு தனித் துண்டு! நன்றாகப் பார்ப்பதற்குள் காவலர், "பெரியவரே, கயித்துக்கு இந்தப் பக்கம் நில்லுங்க" என்றார். அவள் கையை இறக்கிவிட்டாள்.

"என்னங்க, முகமே வெளுத்துப் போச்சு?" என்றாள் மனைவி.

"அளவெடுக்கும்போது நான் என்ன சொல்வேன்?"

"நேரா நில்லுங்க, கையைத் தொங்க விடுங்க. தூக்கத்துலகூட அதைத்தானே சொல்றீங்க."

"மகளையும் அப்படித்தான் நிக்க வச்சு அளந்தேன்."

அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அவ நின்னுக்கிட்டா வாசிக்கப் போறா?"

மகள் வாசிக்கும் பாட்டின் கடைசிப் பக்கத்தில் இடது கை ஒரு கோடிக்கும் வலது கை மறு கோடிக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். ஆறு மாதமாக வீட்டில் கேட்டு எங்கள் சுவருக்கே அது மனப்பாடம். வேறு எதையாவது போட்டுக்கொண்டு ஏறவும் வழியில்லை. நீளக் கவுன் இல்லாமல் அந்த மேடையில் ஏற விடமாட்டார்கள்.

மகளுக்கு வேறு நீளக் கவுன் தேடி எதிரே இருந்த நாகரிக உடைக் கடைகளுக்கு ஓடினோம். முதல் கடையில் மனைவி ஒரு கவுனைப் போட்டு, முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி மேசைமேல் இரண்டு கையையும் விரித்து வாசித்தாள். முதுகில் டர்ரென்றது. இரண்டாவது கடையில் கை மடங்கவே இல்லை. மூன்றாவது கடையின் விற்பனைப் பெண் பொறுமையாக நின்று பார்த்தாள்.

"அம்மா, கல்யாணத்துக்கா?"

"கச்சேரிக்கு."

"நீங்களா வாசிக்கப் போறீங்க?"

"பாத்தா தெரியலையா?" என்று மனைவி இன்னும் இரண்டு கட்டை தள்ளி எட்டினாள். தையல் பிரிந்தது.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "எப்படி இழுத்தாலும் கிழியாத துணி எதும்மா?"

"நீச்சல் உடைதான் ஐயா. யாருக்கு?"

"பியானோவுக்கு."

அவள் மறுபேச்சில்லாமல் கருநீலத்தில் ஒன்றை எடுத்துத் தந்தாள். நல்ல பெண்.

அரங்கின் பின்னறையில் மகள் கவுனைப் போட்டு, ஒப்பனை மேசை முன் உட்கார்ந்து கையை விரித்தாள். பாதி வழியில் நின்றுவிட்டது.

"அப்பா, கடைசிப் பக்கம்..."

"தெரியும்மா. தப்பு என்னோடது. கழட்டிக் குடு."

"மணி அஞ்சே கால்ப்பா."

"கால் மணியில முடிச்சிடுவேன். மிச்ச நேரத்துல நீ அழுதுக்கலாம்."

"அவ எங்க அழறா?" என்றபடி மனைவி கத்தரிக்கோலை நீட்டினாள். "நீங்கதான் மூக்கை உறிஞ்சுறீங்க."

ஊசியும் நூலும் கத்தரிக்கோலும் இல்லாமல் நான் குளிக்கக்கூடப் போவதில்லை. நீச்சல் உடையில் இரண்டு சாய்சதுரம் வெட்டி, அக்குளைப் பிரித்து, படத்துக்காரி காட்டியபடியே வைத்துத் தைத்தேன். நான் சொன்ன கால் மணி முக்கால் மணியாகி, மகள் போட்டுக்கொண்டு மேடைக்கு ஓடும்போது மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

கச்சேரி எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். பக்கத்தில் மனைவி கண்ணை மூடி ரசித்தாள். நான் தையலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் வந்தது. மகளின் இரண்டு கையும் பறவைச் சிறகுபோல விரிந்தன, இன்னும் விரிந்தன, இரு கோடியையும் தொட்டன. அந்த அடிச் சுரத்தின் அதிர்வில் முன்வரிசைக்காரரின் கோட்டுப் பொத்தான் தெறித்து என் மடியில் விழுந்தது. என் தையலோ அசையவில்லை. அவர் கோட்டு வேறு யாரோ தைத்தது.

கைதட்டல் அடங்கியதும் மேலாளர் எங்களிடம் வந்தார். "இனி வருஷம் முழுக்க மாசா மாசம் அவங்கதான். கவுன் பிரமாதம். எந்தக் கடை?"

"நீச்சல் பிரிவு," என்றாள் மனைவி.

மகள் சிரித்துக்கொண்டே வந்து என் எதிரில் நேராக நின்று கையைத் தொங்கவிட்டாள். "அடுத்த கவுனுக்கு அளவு எடுங்கப்பா."

நான் டேப்பை எடுத்தேன். "முதல்ல உக்காரு. கையை நீட்டு."